லண்டன் விசா அதிகாரிக்கு, கம்பத்திலிருந்து மொய் எழுதுபவன்

பொருள்: புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்திருக்கத் தேவையான சம்பளம் குறித்து.

பிரிட்டன் உள்துறை அலுவலகத்து ஐயா அவர்களுக்கு,

முப்பது வருஷமாகக் கம்பம், கூடலூர், சின்னமனூர்ப் பக்கம் கல்யாண மண்டப வாசலில் டேபிள் போட்டு மொய் எழுதுகிறவன் நான். (இப்போது கம்ப்யூட்டர் மொய் வந்து ரசீதே அடித்துக் கொடுக்கிறது. அதை விடுங்கள்.) எந்த உறவு மெய், எது ஒப்புக்கு என்பது நோட்டைப் புரட்டினால் எனக்குத் தெரிந்துவிடும். ஆக, நம் இருவருக்கும் ஒரே தொழில்.

ஆனால் உங்கள் தராசு பெரிசு. பெண்டாட்டியை அழைத்துக்கொள்ள வருஷம் 18,600 பவுண்டு சம்பாதிக்க வேண்டும் என்று 2012-இல் சொன்னீர்கள். 2024 ஏப்ரல் 11 முதல் அது 29,000. நம்ம பணத்துக்கு முப்பது லட்சத்தைத் தாண்டுகிறது. போடியில் ஏலக்காய் விலைகூட ஏறினால் ஒருநாள் இறங்கும். பெண் இங்கே உத்தியோகம் பார்த்து வாங்குகிற சம்பளம் கணக்கில் சேராதாம். அதே வருஷம் மார்ச் 11 முதல், முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் புதிதாக விசா வாங்கி வருகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டி வரவே கூடாது என்றும் ஆக்கிவிட்டீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவரை அப்படி வந்தவள் குளிப்பாட்டுவாள். அவள் பிள்ளையை இங்கே அவள் ஆத்தா குளிப்பாட்டுவாள். வேலைப் பங்கீடு பிரமாதம்.

உறவுக்கு அத்தாட்சியும் வேண்டுமே! புருஷனிடம் போக விசா கேட்கும் பக்கத்துத் தெருப் பெண்ணின் கோப்புக்காக, அவர்கள் இருவரின் வாட்ஸ்அப் பேச்சை அச்செடுத்தோம். கட்டுக் கட்டாக வந்தது. “சாப்டீங்களா?” “ம்.” “என்ன சாப்டீங்க?” “பிரெட்டு.” “அதெல்லாம் ஒரு சாப்பாடா?” “ம்.” தமிழில் இருப்பதை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது உங்கள் விதி. மொழிபெயர்ப்பாளர் முதல் “ம்”-இலேயே பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஆமாம் என்று போடுவதா, ஏக்கம் என்று போடுவதா? அந்தப் பெண்ணைக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு, “மூணாவது ‘ம்’ கோவம்ணே” என்கிறது.

பழசையும் மறக்கவில்லை. 1979-இல் ஹீத்ரூவில், கல்யாணம் செய்துகொள்ள வந்து இறங்கிய இந்தியப் பெண்ணுக்குக் கன்னித்தன்மைச் சோதனை நடத்தினார்கள் உங்கள் ஆட்கள். கார்டியன் பத்திரிகை அம்பலப்படுத்திய பிறகுதான் அந்த வழக்கத்தை நிறுத்தினீர்கள். அதோடு பார்த்தால் சம்பளச் சீட்டு கேட்பது எவ்வளவோ நாகரிகம். நன்றி.

இனி நம்ம வரவு செலவுக்கு வருவோம். மொய் என்பது இனாம் இல்லை. வாங்கினவன் ஒருநாள் திருப்பிச் செய்ய வேண்டும். 1895-இல் உங்கள் கர்னல் பென்னிகுவிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தார். அந்தத் தண்ணீரில்தான் எங்கள் நெல் விளைகிறது. (அதற்கு உங்கள் சர்க்கார் தீர்வை வாங்கியது தனிக் கணக்கு.) சொந்தச் சொத்தை விற்று அணை கட்டினார் என்பது வெறும் கதை என்கிறார்கள் படித்தவர்கள், அதை எங்கள் ஊர் டீக்கடையில் வந்து சொல்லிப் பார்க்கட்டும். அவரிடம் நாங்கள் சம்பளச் சீட்டு கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு அவர் பேரை வைத்தோம். லோயர் கேம்ப்பில் 2013-இல் மணிமண்டபம் எழும்பியது. தை பிறந்தால் பாலார்பட்டியில் அவருக்குப் பொங்கல். 2022-இல் உங்கள் ஊர் கேம்பர்லியிலேயே தமிழ்நாட்டுச் செலவில் சிலையும் வைத்தாயிற்று. வாங்கினதற்குக் கூடவே செய்திருக்கிறோம். நோட்டுப்படி இப்போது முறை உங்களுடையது.

பக்கத்துத் தெருப் பெண்ணின் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன். உங்கள் பேரை எழுதி, எதிரே இடம் விட்டிருக்கிறது. எவ்வளவுன்னு போடட்டும்ணே?

இப்படிக்கு,
மொய் எழுதுபவன்,
கம்பம், தேனி மாவட்டம்.