சுண்டுவிரல் மரத்த பயில்வான்

ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்காகக் கொல்லிமலை ஏறும் கூட்டத்தில் இந்த மனிதரைத் தவறவிடவே முடியாது. மலைக்குளிருக்கு மற்றவர்கள் சால்வையைத் தேடும்போது இவர் கையில்லாத பனியனில் நிற்பார். வலது முழங்கையின் உட்புறம் நீளமாக ஒரு தையல் தழும்பு; யாராவது கேட்கமாட்டார்களா என்று அதை வெளிச்சம் படும் பக்கமாகவே திருப்பி வைத்திருப்பார். நாமக்கல், சேலம், ஈரோடு என்று எந்த ஊர் ஜிம்மில் தேடினாலும் இவருடைய பிரதி ஒன்று கிடைக்கும். வருஷக்கணக்கில் பைசெப்ஸ், ட்ரைசெப்ஸ் என்று கையையே உருட்டி, ஒருநாள் மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போய், டீ கிளாஸ் நழுவ ஆரம்பித்த பிறகு, முழங்கையில் நெருக்குண்ட அல்னார் நரம்பை விடுவிக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். “கொஞ்ச நாளைக்கு வெயிட் தூக்காதீங்க” என்று டாக்டர் சொன்னதைச் சத்திய வாக்காகக் காப்பாற்றுகிறார். எடை தூக்குவதில்லை. அதைத் தவிர அந்த நரம்புக்கு ஆகாத அத்தனையும் செய்கிறார். உடலை வளர்த்த இவருக்கு உடலின் வரைபடம் தெரியாது என்பதே என் வாதம். எதை நிறுத்தவேண்டுமோ அதைத் தொடர்கிறார், எதைத் தொடரலாமோ அதை நிறுத்திவிட்டார்.

முதல் சாட்சி அவர் மலை ஏறிய விதம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையையும் புல்லட்டில் ஏறியிருக்கிறார். கேட்டால், “நான் எங்கங்க தூக்கினேன், வண்டிதானே என்னைத் தூக்கிச்சு” என்பார். பதில் அழகாகத்தான் இருக்கிறது, நரம்புக்குத்தான் அது புரிவதில்லை. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை ஷாக் அடிக்கிறதே, அந்த இடத்தில் அல்னார் நரம்பு எலும்பின் பின்புறப் பள்ளத்தில், தோலுக்குச் சற்றே அடியில் ஓடுகிறது. கையை மடக்கும்போதெல்லாம் அது எலும்பைச் சுற்றி இழுபடும். நீட்டும்போது தளரும். நம்மவர் வளைவுக்கு வளைவு முழங்கையை மடக்கி, பிரேக்கை அதே இரண்டு விரல்களால் இறுக்கி, கைப்பிடியின் அதிர்வையும் வாங்கிக்கொண்டு மேலே வந்து, “வெறும் ரெஸ்ட்லதான் இருக்கேன்” என்கிறார். காரில் வருகிறவர் இன்னும் தேர்ந்த ரகம். ஜன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றி உட்காருவார். தழும்பு இருக்கும் இடமும் விளிம்பு அழுத்தும் இடமும் ஏறக்குறைய ஒன்றே. “ஏங்க, கையை உள்ள வைங்க” என்று மனைவி சொல்வது எதிரே பஸ் வருகிறதே என்ற பயத்தில். நரம்பியல்படியும் மனைவி சொன்னது சரி.

மலையில் தங்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்யும் சாகசங்கள் தனி. பிளாங்க் போடுகிறார். முன்கைகளைத் தரையில் ஊன்றி, உடம்பு முழுவதையும் இரண்டு முழங்கைகள்மேல் நிறுத்துகிற பயிற்சி அது. டம்பெல் எதுவும் இல்லாததால் அவர் கணக்கில் அது ஓய்வு. ஊர் திரும்பியதும் ஸ்குவாட் தொடங்கலாம், கால்தானே என்று ஒரு யோசனையும் வைத்திருக்கிறார். தோளில் கிடக்கும் கம்பியைப் பிடிக்க முழங்கை எவ்வளவு மடங்கவேண்டும் என்பதை அந்த யோசனை கணக்கில் எடுக்கவில்லை. இரவில் மடக்கிய கையைத் தலைக்கு அண்டைகொடுத்து, மறுகையில் போனைப் பிடித்துப் பயில்வான்களின் வீடியோ பார்த்தபடியே தூங்கிப்போவார். தூக்கத்தில் கை மடங்காமலிருக்க முழங்கையில் ஒரு துண்டைத் தளர்வாகச் சுற்றிக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள். பயில்வானுக்குத் துண்டா என்று அது கொடியிலேயே தொங்கும். செம்மேட்டில் ஓரி சிலைக்கு முன்னால் செல்ஃபி எடுக்கும்போது என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தை வீழ்த்தியதாகப் புறநானூறு பேசுகிற மன்னன் அவன். அவன் எதிரே நிற்கும்போது பைசெப்ஸ் தானாக எழும்பும், முழங்கை தானாக மடங்கும். படம் சரியாக விழவில்லை என்று இன்னொரு முறையும்.

இனி அவர் நிறுத்தியதைப் பார்க்கலாம்: கால். உண்மையில் அதை அவர் தொடங்கியதே இல்லை. ஜிம்மில் கால் பயிற்சி நாள் வந்தால் ஒன்றுவிட்ட சித்தப்பா வீட்டுக் காதுகுத்து வந்துவிடும். கொல்லிமலையோ கால்களுக்கென்றே படைத்த ஜிம். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்குகின்றன. இறங்கிய கடனை ஏறித்தான் அடைக்கவேண்டும். ஈரப்படியில் நிதானம் தேவை, விழுந்தால் ஊன்றுவது கையைத்தான். அந்த ஒரு எச்சரிக்கையோடு போனால், முழங்கையைத் தொடாமலே தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நெஞ்சுக்கும் இதைவிட நல்ல வேலை எந்த மெஷினும் தராது. நம்மவர் மேலேயே நின்று, “கை சரியில்லை, நீங்க போயிட்டு வாங்க” என்கிறார். கையால் படி இறங்குகிறவர் உலகத்தில் இவர் ஒருவர்தான்.

இதற்கு அவர் தரப்பில் நியாயமான கேள்வி ஒன்று உண்டு. ஒரு கையை விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் வேலை கொடுத்தால் உடம்பு ஒருபக்கமாகக் கோணிப்போகாதா? போகாது. 1894-லேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சர் என்பவரின் சோதனைக்கூடத்தில், ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தபோது சும்மா இருந்த கையும் வலுத்ததைக் கண்டார்கள். பின்னால் பலரும் சோதித்து அது உண்மைதான் என்றார்கள். தசையை வேலை வாங்குகிற மூளையும் தண்டுவடமும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவானவை என்பதால் கிடைக்கும் ஆதாயம் அது. பெரிய ஆதாயமில்லை, ஓய்விலிருக்கும் கைக்கு ஓரளவு கஞ்சி ஊற்றும், அவ்வளவே. இடது கையால் அளவாகத் தூக்குவது இந்த மாதங்களில் வலது கைக்கும் செய்கிற உதவிதான்.

இரண்டாவது கேள்வியைக் கேட்பது சூப் கடை. மலையில் மரத்தையும் பாறையையும் பற்றி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு, ரோமம் மூடிய ஆட்டுக்கால் போலவே இருக்கும். முடவாட்டுக்கால் என்பார்கள். ரோமத்தைச் சீவி, மிளகு சீரகம் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்து, “குடிச்சுப் பாருங்கண்ணா, மூட்டு வலி பறந்துடும்” என்று தம்ளரை நீட்டுகிறார்கள். மலைக்குளிரில் அதை வேண்டாம் என்பவன் ரசனை கெட்டவன். ஆனால் நம்மவருக்கு மூட்டு வலி இல்லையே! நரம்பிழை அறுந்து நலிந்திருந்தால் அது மறுபடி வளர்வது நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேகத்தில். முழங்கையிலிருந்து உள்ளங்கையின் சிறு தசைகளுக்கு ஒரு முழத்துக்கும் குறைவான தூரம். கணக்குப் போட்டால் பத்து மாதம், ஒரு வருஷம் ஆகும். நரம்பிழையின் உறை மட்டும் நசுங்கியிருந்தால் சீக்கிரமே தேறும். எதுவாயினும் மூன்றாவது தம்ளர் அந்த வேகத்தைக் கூட்டாது.

“அப்படியானால் கையைத் தொட்டிலில் போட்டுக்கொண்டு அசையாமல் கிடக்கிறேன்” என்பது அவருடைய கடைசி ஆயுதம். அதுவும் செல்லாது. நரம்பை வெறுமனே விடுவித்த சிகிச்சை என்றால், கையை மெல்ல மடக்கி நீட்டச் சீக்கிரமே சொல்லிவிடுவார்கள். நெடுநாள் அசையாத முழங்கை இறுகிப்போகும், நரம்பும் வழுக்கி ஓடவேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ளும். நரம்பை எலும்பின் முன்பக்கத்துக்கு இடம் மாற்றியிருந்தால் கட்டுப்பாடு கூடுதல், அதிலும் தசைக்கு அடியில் வைத்திருந்தால் இன்னும் கூடுதல். எந்த வாரத்தில் எவ்வளவு என்பதைக் கத்தி பிடித்தவரும் பிசியோவும் சொல்லவேண்டும், ஜிம் மாஸ்டர் அல்ல. எடைக்குத் திரும்பும் நாளில் கையை ஆழ மடக்கும் பயிற்சிகள் கடைசி வரிசையில் நிற்கட்டும். பயிற்சி முடிந்தும் சுண்டுவிரலின் குறுகுறுப்பு அடங்காமல் மறுநாள் காலைவரை நின்றால், முந்தைய நாள் தூக்கியது அதிகம். அந்த விரலைவிடக் கண்டிப்பான மாஸ்டர் அவருக்குக் கிடைக்கப்போவதில்லை.

இவ்வளவும் கேட்டு, மனைவியும் பிள்ளைகளும் இழுத்து, ஒருவழியாக அவர் ஆகாயகங்கைக்கு இறங்கி ஏறிவிடுவதும் உண்டு. அதற்கு மறுநாள் ஊரில் மாடிப்படிக் கைப்பிடியை இடது கையால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் பல்லைக் கடித்துப் பக்கவாட்டில் இறங்குவார். கீழ்வீட்டுக்காரர் காலைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார். “ஏனுங்கண்ணா, இந்தத் தடவை கால்லயா ஆபரேசன்?”