இருபத்தாறாவது கிலோ

மாதம் 5,000 ரூபாய்க்குள் மளிகையை முடிப்பது எப்படி என்று இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிறேன். சத்தியமாகச் சொல்வேன். அதற்கு முன்னால் அரிசி மூட்டையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிடுகிறேன். ஒன்றாம் தேதி தூக்கிய மூட்டை, முதுகு இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஆம்பூர் பஜாரில் வழக்கமான கடையில் 25 கிலோ மூட்டை கேட்டேன். கடைக்கார பாய் பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இருவத்தஞ்சா? எந்தக் காலத்துலணா இருக்கீங்க? இருவத்தாறுதான் வருது. தூக்கிகினு போங்க" என்றார். போன மாதமும் இதையேதான் சொன்னார், அதற்கு முந்தைய மாதமும் இதேதான். நான் 25 கேட்பேன், அவர் 26 கொடுப்பார். கேட்பது என் உரிமை.

காரணம் உங்களுக்கே தெரியும். இருந்தாலும் ஆத்திரம் அடங்க ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். முன்பெல்லாம் பதிவு செய்த பிராண்டு அரிசிக்குத்தான் ஜி.எஸ்.டி. பிராண்டு இருந்தால்தானே வரி என்று சில பேர் பிராண்டையே கைகழுவினார்கள். அரசாங்கம் விடுமா? 2022 ஜூலை 18 முதல் பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டினாலே 5 சதவீதம் என்றது. அரிசி, பருப்பு, கோதுமை மாவு எதுவும் தப்பவில்லை. எங்கேயாவது நிறுத்த வேண்டுமே, 25 கிலோ வரைக்கும் வரி என்று கோடு போட்டார்கள். மை காய்வதற்குள் 26 கிலோ மூட்டை பஜாருக்கு வந்துவிட்டது.

அரிசி கிலோ 56 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 கிலோ 1,400, வரி 70, ஆகமொத்தம் 1,470. அதே அரிசி 26 கிலோ, வரி இல்லை, 1,456. ஒரு கிலோ கூட வருகிறது, 14 ரூபாய் குறைகிறது. நாட்டில் அதிகமாக வாங்கினால் மொத்த விலையே குறைகிற ஒரே சாமான் இதுவாகத்தான் இருக்கும். "லாபம்தானே, அப்புறம் என்ன முனகல்?" என்று கேட்கிறீர்கள். எங்கள் வீட்டு டிரம்மை நீங்கள் பார்த்ததில்லை.

அது என் மாமனார் சீராகக் கொடுத்த எவர்சில்வர் டிரம். அவர் பெயரும் கல்யாணத் தேதியும் பட்டை போட்ட மாதிரி வெட்டியிருக்கும். கொள்ளளவு வெட்டவில்லை, அவசியம் இருக்கவில்லை. மூட்டை 25, டிரம் 25. மூட்டையைக் கவிழ்த்தால் விளிம்போடு விளிம்பாக நிற்கும், மூடி மெல்ல உட்காரும். இப்போது கவிழ்த்தால் இருபத்தைந்து கிலோ உள்ளே போகிறது, இருபத்தாறாவது கிலோ சாக்கின் மூலையில் நின்றுகொண்டு என்னைப் பார்க்கிறது.

முதலில் அதைப் பால் குக்கரில் போட்டோம். பால் ரசப் பாத்திரத்துக்குப் போனது. ரசம் இட்லிப் பானைக்குப் போனது. இட்லிப் பானையில் ரசம் இருந்தால் இட்லி எங்கே அவிப்பது? மாவு புளித்தது. புளித்த மாவைக் கொட்ட மனம் வராமல் பணியாரம் ஊற்றினோம். பணியாரம் குடித்த எண்ணெயைக் கணக்குப் போட்டேன். 14 ரூபாய் அதிலேயே கரைந்துவிட்டது, மேற்கொண்டு என் கைக்காசும் போட்டிருந்தேன்.

அடுத்து ஹார்லிக்ஸ் பாட்டில்கள். ஒரு பாட்டிலில் அரைக் கிலோகூடப் பிடிக்கவில்லை. மூன்று பாட்டில் அரிசி அலமாரியில் வரிசையாக நின்றது. பையனுடைய சிநேகிதன் வந்து பார்த்துவிட்டு, "உங்க வீட்டுல அரிசி விக்கிறீங்களா?" என்று கேட்டான். அடுத்து ஃப்ரிட்ஜ். வண்டு வராது என்று யாரோ சொன்னதால் காய்கறி டிரேயில் வைத்தோம். காய்கறி வெளியே வந்து வாடியது. வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போட்டு மறுபடி சாக்கிலேயே கட்டி மூலையில் வைத்தோம். எலி வந்தது. எலிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்துவிடலாம் என்று என் மனைவி ஒரு எவர்சில்வர் தூக்கில் போட்டு அனுப்பினாள். அங்கேதான் நம்முடைய பண்பாடு குறுக்கே வந்தது. வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாதே. அந்த அக்கா வீட்டிலும் 26 கிலோ மூட்டைதான், அங்கேயும் 25 கிலோ டிரம்தான். சாயங்காலம் தூக்கு திரும்பி வந்தது, நிறைய அரிசியோடு. அவர்களுடைய இருபத்தாறாவது கிலோ. எங்களுடையது பொன்னி, அவர்களுடையது வேறு ரகம், கலந்து வேகவும் வேகாது. இப்போது எங்கள் தெருவில் எந்தக் கிலோ எந்த வீட்டில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அம்மா ஒரு வழி சொன்னாள்: மூட்டை வந்த அன்றைக்கே ஒரு கிலோவைச் சமைத்துத் தீர்த்துவிடு. வீட்டில் நாலு பேர். ஒரு கிலோ அரிசியைத் தின்று தீர்க்க ஆள் வேண்டும். ஆளைக் கூப்பிட்டால் சும்மா சோறு போட முடியுமா? கறி எடுக்க வேண்டும். ஆம்பூரில் ஞாயிற்றுக்கிழமை கறி விலை கேட்டுவிட்டு 14 ரூபாய் லாபத்தைப் பற்றிப் பேசுகிறவன் பைத்தியக்காரன். நோன்பு மாதத்தில் மட்டும் விடிவு கிடைக்கிறது. பள்ளிவாசல் கஞ்சிக்குக் கொடுத்துவிட்டால் மனசும் நிறையும், மூலையும் காலியாகும். ஆனால் நோன்பு வருஷத்துக்கு ஒரு மாதம்தான், மூட்டை பன்னிரண்டு மாதமும் வருகிறது.

"பெரிய டிரம் வாங்கு" என்பீர்கள். விசாரித்தேன். மாதம் 14 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 168. டிரம் விலையை 168-ஆல் வகுத்துப் பார்த்தேன். அந்த லாபத்தை அனுபவிக்க எனக்குப் பேரன் பிறந்து, அவன் குடும்பஸ்தனாகி இருக்க வேண்டும். என் மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு, "அந்த ஒரு கிலோவ என்கிட்ட உட்டுட்டு வேற வேல இருந்தா பாருங்க" என்றாள். வேறு வேலை இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எங்கே விட்டேன்? 5,000 ரூபாய். ஆமாம்.

அதற்கும் முன்னால் ஒரு கடன் கதை. எங்கள் வீட்டுக்கும் கடன் இருந்தது. இந்தப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள் வீட்டில் எல்லாம் இருக்கிற அதே குழு லோன்தான். செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்து தவணை கட்ட வேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேர் தலையில் விழும், அதனால் ஒன்பது பேரும் அவள் வீட்டு வாசலில் நிற்பார்கள். என் மனைவி கடைசித் தவணை கட்டி அட்டையை வாங்கி பீரோவில் வைத்துவிட்டாள். கடன் முடிந்தது, செவ்வாய்க்கிழமை முடியவில்லை. இன்றைக்கும் திங்கட்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் பணத்தைத் தொடுவதில்லை. பால்காரருக்குக்கூடப் புதன்கிழமைதான் கொடுக்கிறோம்.

ராணிப்பேட்டையில் இருக்கும் என் சகலைக்கு இதெல்லாம் தெரியும். அதனால்தான் வாட்ஸ்அப்பில் சிக்கனக் குறிப்புகள் அனுப்புகிறார். ஒன்று, பட்டியல் எழுதிக்கொண்டு கடைக்குப் போ. நாங்கள் பட்டியல் எழுதுவோம். கடைக்குப் போகும் வழியில் அதிலிருந்து நாலு ஐட்டத்தை அடிப்போம். அடித்த பட்டியலைப் பார்த்தால் பாய்க்கே பாவமாக இருக்கும்.

இரண்டு, பசியோடு கடைக்குப் போகாதே. சகலை ஊர் மறந்து பேசுகிறார். பகல் நெருங்குகிற நேரத்தில் ஆம்பூர் பஜாருக்குள் நுழைந்தால் தம் உடைக்கிற வாசனை. சீரக சம்பா ஆவி முகத்தில் அடிக்கும்போது, மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தவனுக்கும் பசிக்கும். 2022-இல் பிரியாணித் திருவிழா நடத்தப் பார்த்து மழையைச் சொல்லித் தள்ளிவைத்தார்கள். திருவிழா இல்லாவிட்டால் என்ன, இங்கே தினமும் அதுதான். இதற்கு எங்கள் ஊர் கண்டுபிடித்த மருந்து குஸ்கா. கறித்துண்டு இல்லை, கறியின் வாசனை உண்டு. எண்ணெய்க் கத்திரிக்காயும் தயிர்ப் பச்சடியும் இன்னொரு கரண்டி கேட்டால் வைப்பார்கள், அதற்குக் காசு இல்லை. சிக்கனம் என்றால் இதுதான். வாட்ஸ்அப்பில் இந்தக் குறிப்பு வருவதே இல்லை.

மூன்றாவது குறிப்புதான் எனக்கு வயிற்றெரிச்சல்: மொத்தமாக வாங்கு, மலிவாக முடியும். முடியும்தான். ஆனால் 1,456 ரூபாய் ஒரே நேரத்தில் கையில் இருக்க வேண்டுமே? தவணை ஓடிய காலத்தில் செவ்வாய்க்கிழமை போக மிச்சம் இருந்ததைக் கொண்டு 5 கிலோ பைதான் வாங்கினோம். லேபிள் ஒட்டிய பை, 5 சதவீத வரி உண்டு. மூட்டையைப் பிரித்து அளந்து கொடுத்தால் வரி இல்லைதான். அளந்து கொடுக்கிற கடை எங்கள் தெருப் பக்கம் குறைந்துகொண்டே போகிறது. ஆகக் கடன் இருந்தபோது வரி கட்டினோம். கடன் அடைத்துக் கையில் நாலு காசு புரண்டதும் 26 கிலோ வாங்கி வரியிலிருந்து தப்பிவிட்டோம். இதை யார் எந்த ஊரில் உட்கார்ந்து யோசித்தார்களோ, அவர்கள் வீட்டில் அரிசி வாங்குகிறவர் வேறு ஆளாகத்தான் இருப்பார்.

ரேஷன் இருக்கிறதே என்பார் சகலை. இருக்கிறது, கும்பிட வேண்டிய விஷயம். 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ரேஷன் புழுங்கலரிசி இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் இட்லியே இல்லை. அந்தப் பாமாயில் பாக்கெட்டை என் மனைவி காலி பண்ணுவதை சகலை ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும். மூலையை வெட்டி ஊற்றுவாள். கவிழ்த்து ஒரு கிளிப் போட்டு டம்ளர் மேல் தொங்கவிடுவாள். ராத்திரி முழுக்கச் சொட்டும். காலையில் பாக்கெட்டைப் பக்கவாட்டில் கிழித்து விரித்து, பாதி வெங்காயத்தை உள்பக்கம் தேய்த்து, அந்த வெங்காயத்தைத் தோசைக்கல்லில் தேய்ப்பாள். இரண்டு தோசைக்கு வரும். நான் ஷூ கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறவன். தோலைச் சதுர அடிக் கணக்கில் அளந்து கொடுத்து, கட்டிங்கில் வீணாவதைக் கணக்கெழுதுகிறவன். அப்படி ஒரு கட்டிங் மாஸ்டரை நான் அங்கே பார்த்ததில்லை.

இப்படி இவள் சொட்டுச் சொட்டாகப் பிடிக்கிறாள், அந்தப் பக்கம் ஒருத்தன் கிராம் கிராமாகக் குறைக்கிறான். பிஸ்கட் 5 ரூபாய்தான், பாக்கெட் இளைத்துவிட்டது. சோப்பின் நடுவில் பள்ளம் தோண்டிவிட்டார்கள், கைக்கு வசதியாம். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி பிஸ்கட்டுக்கும் சோப்புக்கும் வரி 18-இலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. மகிழ்ச்சி. 5 ரூபாய் பாக்கெட் சிலது 4 ரூபாய் 50 காசு ஆனது. எட்டணா லாபம். மிச்ச எட்டணாவைச் சில்லறையாகத் தர ஊரில் நாணயம் இல்லை, மிட்டாயாகத் தரலாம் என்றால் மிட்டாயே ஒரு ரூபாய், பாதியாகக் கடித்துத்தான் தர வேண்டும். நாம் மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு இடத்தைப் பார்த்து வைத்தால், நமக்கு முன்னாலேயே ஒருத்தன் அங்கே வந்து மிச்சம் பிடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

இதற்கு நடுவில் 2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதி அமெரிக்காக்காரன் இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டான். வாஷிங்டனில் போட்ட வரிக்கு எங்கள் வீட்டில் ஓ.டி. என்கிற ஓவர்டைம் நின்றது. கம்பெனி வேன் சீக்கிரமே வீட்டு வாசலில் இறக்கிவிட்டது. சம்பளம் அப்படியே, மேல் வருமானம் மட்டும் காணோம். கடன் அடைத்ததும் அந்த ஓ.டி. பணத்தில்தான், மளிகை ஓடியதும் அதில்தான். அந்த மாதம் சகலை அனுப்பிய குறிப்பு: "காபியைக் குறைத்தாலே மாதம் 300 ரூபாய் மிச்சம்!" காபியைக் குறைத்தோம். அதற்கு முன்னாலேயே குறைத்திருந்தோம் என்பது கடைசி டம்ளரைக் கழுவும்போதுதான் தெரிந்தது.

5,000 ரூபாய் வழி என்று ஆரம்பித்தேன். பக்கம் தீர்ந்துவிட்டது. அது ஒன்றும் பெரிய ரகசியமும் இல்லை. கடன் கட்டின எந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டாலும் நோட்டைத் திறந்து காட்டுவாள். கேட்காமல் சொல்லிக்கொடுக்க வராதீர்கள், அதுதான் என் வேண்டுகோள். தவணை கட்டி முடித்த வீட்டில் வெட்டுவதற்கு இனிமேல் எதுவும் மிச்சமில்லை; எல்லாவற்றையும் அவர்களே வெட்டிவிட்டார்கள். அவர்களுக்கு நல்லது ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றினால், ஓ.டி. எந்த மாதத்திலிருந்து போடுகிறார்கள் என்று விசாரித்துச் சொல்லுங்கள்.