ரெண்டாந்தடவ மட்டும் பாத்துராதலே!

'பிரைமர்' படம் ஒனக்குப் புரிஞ்சிட்டுன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டு அலையுதியாம்லா பேராண்டி? ரொம்ப சந்தோசம். நம்ம வகையறாவுல இப்பிடி ஒரு மூளை வந்து பொறக்கும்னு நான் நெனைக்கவே இல்ல. அந்தப் படத்த எழுதி, எடுத்து, வெட்டி ஒட்டி, மியூசிக்கும் போட்டு, ஆரோன்ங்கிற வேசமும் கட்டின ஷேன் கேரூத் கணக்குப் படிச்சவன், இஞ்சினியர் வேல பாத்தவன். அவன் போட்ட முடிச்ச நீ காலாட்டிக்கிட்டே அவுத்துட்ட. அதனால தாத்தா ஒரே ஒரு புத்தி சொல்லுதேன், கேட்டுக்க. அந்தப் படத்த ரெண்டாந்தடவ மட்டும் பாத்துராத. எடுத்த பேரு கெட்டுப்போகும்.

ஒரு தடவையோட நிறுத்திக்கிட்டா எம்புட்டு சொகம்! அமெரிக்காவுல டல்லாஸ் பக்கம் ரெண்டு சேக்காளி, ஏபும் ஆரோனும். கார் ஷெட்டுல வச்சு என்னமோ ஒரு பெட்டி செய்யுதானுவ. ஃப்ரிட்ஜுல இருந்து செம்புக் குழாயப் புடுங்குதானுவ, கார அவுத்து அதுல ஒண்ண உருவுதானுவ. பொருளோட எடையக் கொறைக்கப் போயி, கடேசில காலத்துக்குள்ள கால விட்டுருதானுவ. நேத்தைக்குப் போகலாம், ஷேர் மார்க்கெட்டுல துட்டு பாக்கலாம். தீந்துது கத. ஒனக்கு இது போதாதா?

அந்தப் பெட்டிக்கு ஒரு சட்டம் இருக்குலா, அதத்தான் நீ கொட்டாவி விட்ட நேரத்துல விட்டுட்ட. பித்தான அழுத்துனதும் ராசராசன் காலத்துக்குப் போற வித்த இல்ல அது. பெட்டிய முடுக்கி விட்ட நேரத்துக்கு முந்தி ஒரு நிமிசங்கூடப் போக முடியாது. காலையில முடுக்கி விட்டுட்டு, ஹோட்டல் ரூமுல யார் கண்ணுலயும் படாம அடைஞ்சு கெடக்கணும். எந்தப் பங்கு ஏறிச்சுன்னு பாத்து வச்சிக்கிட்டு, சாயங்காலம் பெட்டிக்குள்ள போயிப் படுக்கணும். ஆறு மணி நேரம் பின்னால போகணுமா, ஆறு மணி நேரம் அடைக்கோழி மாதிரி உள்ளயே கெடக்கணும். வெளிய வந்தா அதே காலை. அங்ஙன ஹோட்டலுக்குக் கெளம்பிப் போறவனும் நீதான், இங்ஙன நின்னு அவனப் பாக்கவனும் நீதான். இவ்வளவு பாடுபட்டு ஒரு பகலத் திரும்ப வாங்குதானுவ. நீ என்னடான்னா அந்தப் பகல ரிமோட்டுல தள்ளிவிட்டுப் பாக்க.

சரி, ரெண்டாந்தடவ பாத்தா என்ன ஆபத்துங்க? பெட்டி மேல இருந்த கண்ணு ஆரோன் மேல போயிரும். மொதல்ல போன்ல ஒரு கொரல் கத சொல்லுதுலா, அது எவனோ ஒருத்தன்னுதான இருந்த? ஆரோன் கொரலே அது. எத்தனையாவது ஆரோன்னு கேட்டுராத, எனக்குக் கோவம் வரும். ஆரோன் வீட்டுக்காரி மச்சுல என்னமோ சத்தம் கேக்குதும்பா. பொம்பள பேச்சுன்னு விட்டுருப்ப. காலையில குடிக்கப் பாலுல மருந்தக் கலந்து, ஆரோன மயக்கி மேல ஏத்திப் போட்டிருக்கான் ஒருத்தன். போட்டவனும் ஆரோன்தாம்லே! ஏபு ஒரு பெட்டிய ஆத்திர அவசரத்துக்குன்னு சேக்காளிக்குக்கூடச் சொல்லாம ஓட விட்டு வச்சிருந்தான். இந்தக் கள்ளப்பய அத மோந்து கண்டுபிடிச்சு, அதுக்குள்ள பூந்து முன்னாடியே போயிட்டான்.

பொறவு ஏபும் அதே பெட்டிவழியா மொத நாளுக்கு வாரான், எல்லாத்தையும் நிறுத்திப்புடலாம்னு. பெஞ்சுல ஆரோன் உக்காந்திருக்கான், காதுல ஒண்ண மாட்டிக்கிட்டு. ஏபு இனிமேத்தான் பேசப் போற பேச்சு அதுல ஓடுது! முன்னயே பதிஞ்சு வச்சிக்கிட்டு, தன் பங்கு பதில அச்சுப் பிசகாம ஒப்பிக்கான். ஏபு மயங்கி விழுந்துருதான். விழாம என்ன செய்வான், கூடப்பொறந்தவன் மாதிரி நம்புனவன்லா. இதத் தெரிஞ்ச பொறவு, முன்னால வந்த பெஞ்சு சீனுல ஆரோன் காதப் பாக்காம ஒன்னால இருக்க முடியுமா? ஒறக்கம் போச்சுலா?

இன்னொண்ணு. கிரேஞ்சர்னு ஒரு பெரியவர் திடீர்னு தாடியோட வந்து நிக்காரு. எவன் சொல்லி பெட்டிக்குள்ள எறங்குனாரு? படத்துக்குள்ள இருக்க ரெண்டு பேருக்குமே தெரியல. நீ எவனோ அம்புக்குறி இழுத்துப் போட்ட படத்த வச்சிக்கிட்டு எனக்கு வெளக்க வந்த. கேரூத் அத வேணும்னுதான் இருட்டுல விட்டிருக்கான்னு எனக்குப் படுது. காதுல ரத்தம் வருது, கையெழுத்துக் கோணுது, எந்த நாள் எந்தச் சுத்துன்னு அவனுவளுக்கே கணக்கு விட்டுப்போச்சு. பாக்கவனுக்கு மட்டும் எல்லாம் வெட்டவெளிச்சமா இருந்தா அது என்னலே நியாயம்?

செலவு 7,000 டாலராம். அன்னைக்கு மதிப்புக்கு மூணு லட்சத்துச் சொச்சம். அதுலயும் 16 மி.மீ. பிலிம் வீணாயிரக் கூடாதுன்னு முன்னாடியே பேசிப் பேசிப் பழகிட்டு எடுத்திருக்கானுவ. மின்னல் கெடையாது, சுழி கெடையாது, பெட்டி உறுமும், அம்புட்டுதான். 2004-ல சன்டான்ஸ் விழாவுல நடுவர் குழுவோட பெரிய பரிசே அதுக்குத்தான். பரிசு குடுத்தவனுவ ஒன்னயக் கேட்டிருந்தா ஒரு வெளக்கம் கெடச்சிருக்கும்.

மொத்தமே 77 நிமிசம். ஆனாலும் பாத்துராத, மீசைய முறுக்கிக்கிட்டு அலையுத சொகம் போயிரும். மீறிப் பாக்கதா இருந்தா ராத்திரிக் கஞ்சி குடிச்ச பொறவு போடு. கீழ எழுத்து வரட்டும், அந்தப் பயலுவ வாய்க்குள்ளயே பேசுதானுவ. என்னையும் ஒரு சத்தம் கூப்புடு. கிரேஞ்சர் வார எடத்துல கொஞ்சம் நிறுத்தணும், எனக்கு அதுல ஒரு சந்தேகம் இருக்கு.