பரளச்சிக்கு வராத டாலர்

2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை வெட்டியபோது, அலறல் கேட்ட இடங்களில் இல்லினாய் பல்கலைக்கழகமும் ஒன்று. அந்த உதவிப் பணத்தில் ஆப்பிரிக்காவில் சோயா பரப்பி வந்த அதன் ஆய்வகத்தில் 30 பேருக்கு வேலை போனது. கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் சோளம் உள்ளிட்ட தானிய ஆய்வுக்கான பணம் நின்றது. ஆக, ஏழைக்கென்று எழுதிய காசோலையில் ஒரு பங்கு கொடுத்தவர் தெருவைத் தாண்டவே இல்லை. விருதுநகர் மாவட்டத்துப் பரளச்சிக் கரிசலில் குதிரைவாலி விதைப்பவருக்கு இதனால் ஒரு படி விதையும் குறையாது. அவர் நம்பியிருப்பது புரட்டாசி வானத்தை, வாஷிங்டனை அல்ல.

‘அந்நியப் பணமில்லாமல் ஐ.ஆர்.8 நெல் வந்திருக்குமா?’ என்பார்கள். வந்திராதுதான். ஃபோர்டு, ராக்ஃபெல்லர் அறக்கட்டளைகளின் பணத்தில் 1960-இல் பிலிப்பைன்ஸில் எழுந்த நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பிள்ளை அது. ஆனால் அந்தச் செல்லப்பிள்ளைக்கு வயல் நிறையத் தண்ணீரும் மூட்டை மூட்டையாக உரமும் வேண்டும். மானாவாரிக்காரர் வீட்டுக்கு அது விருந்தாளியாகக்கூட எட்டிப் பார்க்கவில்லை.