வாத்தியார் போட்ட தேதி

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் காலை வேளையில் பெஞ்சு நிறைய ரிட்டயர்டு ஆட்கள்தான். ஒகேனக்கல் பஸ்ஸுக்கு நிற்கும் வெளியூர்க்காரர்களுக்கு எல்லாரும் ஒரே மாதிரி தெரிவோம். கடைக்காரருக்குத் தெரியும், யார் எந்த ரகம் என்று. யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பதே அதை வைத்துத்தான்.

உசத்தி ரகம் 'பழைய பென்ஷன்'. 2003 ஏப்ரல் 1-க்கு முன் அரசு வேலையில் சேர்ந்த புண்ணியவான்கள். 30 வருஷ சர்வீஸ் இருந்தால் கடைசிச் சம்பளத்தில் பாதி, மேலே அகவிலைப்படி, அவருக்குப் பின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். 80 வயது நிறைந்தால் 20 சதவீதம் கூடுதல். 100 ஆனால் அடிப்படை ஓய்வூதியம் இரட்டிப்பு. எங்கள் தெருவில் 79 வயதுப் பெரியவர் ஒருவர் தும்மினால் போதும், மருமகள் சுக்குக் காப்பியோடு ஓடிவருகிறாள். களியில் கட்டி தட்டிவிட்டால் வீட்டில் விசாரணை நடக்கிறது. இன்னும் ஒரு வருஷம் அவரை யாரும் எதிர்த்துப் பேசப்போவதில்லை.

நான் சிபிஎஸ், அதாவது பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம். அந்தத் தேதிக்குப் பின் சேர்ந்தவன். மாதாமாதம் பத்து சதவீதம் பிடித்தார்கள், அரசும் அதே அளவு போட்டது, கடைசியில் வட்டியோடு மொத்தமாகக் கொடுத்து அனுப்பினார்கள். பணம் வந்த வாரம் எனக்கிருந்த மரியாதை கல்யாண மாப்பிள்ளைக்கும் கிடையாது. மச்சான் போர் போடலாம் என்றார். மாமன் மகன் வேன் வாங்கி ஒகேனக்கலுக்கு விடலாம் என்றான். தொகை கரையக் கரைய, "சாப்பிட வாங்க" என்பது "சாப்பாடு மூடி வெச்சிருக்கு" ஆகிவிட்டது.

இதையெல்லாம் விடப் பெரிய கதை எங்கள் பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இரண்டு அண்ணன்மாருடையது. ஒரே நாளில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவர்கள். பிறந்த தேதி அப்பன் ஆத்தாவுக்கே தெரியாது. வாத்தியார் ஒருவருக்கு 1962 மே 1 என்று எழுதினார். இரண்டு பேருக்கும் ஒரே தேதி போட்டால் நன்றாக இருக்காது என்று அடுத்தவருக்கு மே 2. ஒன்றாம் தேதி பிறந்தவருக்கு முந்தைய மாதக் கடைசி நாளே ஓய்வு என்பது விதி. ஆகவே முதல் அண்ணன் 2020 ஏப்ரல் 30 அன்று, ஊரடங்குக்கு நடுவே, சால்வைகூட இல்லாமல் வீட்டுக்கு வந்தார். ஒரே வாரம். மே 7-ல் ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கினார்கள். அடுத்த பிப்ரவரியில் 60 ஆக்கினார்கள். இரண்டாவது அண்ணன் 2022 மே 31 வரை முழுச் சம்பளம் வாங்கிவிட்டு, மேளதாளத்தோடு வந்து இறங்கினார். வாத்தியார் பேச்சை எடுத்தால் ஒருவர் கையெடுத்துக் கும்பிடுவார். மற்றவர் எழுந்து போய்விடுவார்.

விருப்ப ஓய்வுக்காரரும் ஒருவர் உண்டு. 20 வருஷ சர்வீஸ் முடித்து, மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து வந்ததாகச் சொல்வார். விருப்பம் யாருடையது என்று மட்டும் சொல்லமாட்டார். கட்டாய ஓய்வு என்பது தண்டனைப் பட்டியலில் வருவது. அதை வாங்கியவர் ஊருக்கு வந்ததும் 'வி.ஆர்.எஸ்.' ஆகிவிடுவது வழக்கம். விசாரணை பாக்கியிருந்தால் இன்னும் விசேஷம். வயது முடிந்த பிறகும் 'ஓய்வுபெற அனுமதிக்கப்படவில்லை' என்று உத்தரவு வரும். வேலையும் இல்லை, ஓய்வும் இல்லை. திரிசங்குவுக்காவது சொந்தமாக ஒரு சொர்க்கம் இருந்தது.

போன மாதம் அந்த 79 வயதுப் பெரியவர் வீட்டுக்குப் போஸ்ட்மேன் வந்தார். கருவூலத்துக்கு நேர்காணலுக்குப் போக முடியாதவர்களுக்கு, 70 ரூபாய் வாங்கிக்கொண்டு வீட்டிலேயே விரல் ரேகை வைத்து உயிர்வாழ் சான்று அனுப்பிவிடுகிறார்கள். பேச்சுத் துணைக்குத் திண்ணையில் இருந்த என்னிடமும் கருவியை நீட்டினார்.

"எனக்கு வேணாம்ப்பா, நான் சிபிஎஸ்" என்றேன்.

"அப்ப நீங்க உயிரோட இருக்கீங்களான்னு வருஷத்துக்கு ஒருதரம்கூட யாரும் கேக்கமாட்டாங்களா சார்?"

"மளிகைக் கடைக்காரர் மாசாமாசம் கேக்கறாரே!"