2 டாலர் 6 சென்ட் காதல்

1936. அமெரிக்காவில் பெருமந்தம். காதலன் பட்டம் வாங்கிவிட்டான், பரிசு கொடுக்காவிட்டால் நன்றாக இருக்காது. ஆனால் சாரா பேலன் கையில் காசில்லை. சிகாகோ பல்கலைக்கழகப் புத்தகக் கடையில் வேதியியல் நூல்களிலேயே மலிவானது எது என்று பார்த்து எடுத்தார்: 2 டாலர் 6 சென்ட். போரான், சிலிக்கான் ஹைட்ரைடுகளைப் பற்றி ஆல்ஃபிரட் ஸ்டாக் எழுதியது. இதைவிடக் காதல் சொட்டும் தலைப்பு கிடைக்குமா? ஸ்டாக் வேறு, பாதரசக் கருவிகளோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டி அந்த நஞ்சிலேயே உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்.

காதலன் ஹெர்பர்ட் பிரவுன் அதையும் படித்தார். படித்ததோடு விடாமல், அதே வேலை நடந்த பேராசிரியர் ஷ்லெசிங்கரின் ஆய்வகத்தில் போய்ச் சேர்ந்தார்.

1940-ல் அரசாங்கத்திலிருந்து வேலை வந்தது. எளிதில் ஆவியாகும் யுரேனியச் சேர்மம் வேண்டும், எடை குறைவாக இருக்க வேண்டும். மூலக்கூறு எடைக்கு உச்சவரம்பு 238 என்பது பிறகுதான் தெரிந்தது. யுரேனிய அணு ஒன்றே 238! மாப்பிள்ளை வரலாம், வேட்டி சட்டை கூடாது என்று பத்திரிகை அடித்த மாதிரி. இவர்கள் முட்டிமோதி 298-ல் யுரேனியம் போரோஹைட்ரைடை நீட்டினார்கள். அதற்குள் யுரேனியம் ஹெக்சாஃபுளோரைடை வைத்தே சமாளித்துவிட்டதால், உங்களுடையது வேண்டாம் என்று பதில் வந்தது.

அடுத்து ராணுவத்தின் தகவல்தொடர்புப் படை. களத்தில் ஹைட்ரஜன் தயாரிக்க வேண்டுமாம். சோடியம் போரோஹைட்ரைடைத் தண்ணீரில் போட்டால் பொங்கும் என்று பார்த்தால், சத்தமில்லாமல் கரைந்துவிட்டது. கோபால்ட் உப்பைச் சேர்த்த பிறகுதான் வாயு வந்தது.

அந்தப் போரோஹைட்ரைடுப் பொடியைத் தயாரிப்புக் கலவையிலிருந்து பிரித்தெடுக்கக் கரைப்பான் தேடினார்கள். அசிட்டோனில் போட்டதும் ஆவேசமாக வினை நடந்தது. பொடியைக் கரைக்க வந்த அசிட்டோன், கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலாகி நின்றது! போரானோடு ஒட்டியிருந்த ஹைட்ரஜன், எலக்ட்ரான் ஜோடியையும் தூக்கிக்கொண்டு, அசிட்டோனின் கார்பனில் குடியேறிவிட்டது. போரோஹைட்ரைடு மூலக்கூறு ஒன்று இப்படி நான்கு அசிட்டோன்களை ஒடுக்கும். கரைப்பான் தேடிய இடத்தில் கரிம வேதியியலுக்கு ஓர் ஒடுக்கி கிடைத்தது. யாரும் கேட்காதது, ஆகவே உருப்பட்டது.

போர்க்கால ரகசியம் என்பதால் இந்த ஆராய்ச்சி 1953-ல்தான் அச்சேறியது. அதற்கு முன்பே, 1947-ல், ஷ்லெசிங்கரின் குழுவிலிருந்து லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு கிளம்பி, எஸ்டர், கார்பாக்சிலிக் அமிலம் என்று போரோஹைட்ரைடு சாதாரணமாகத் தொடாததையெல்லாம் ஒடுக்கிக்கொண்டிருந்தது. முரட்டு ஆசாமி. தண்ணீர் பட்டால் தீயே பிடிக்கலாம், உலர்ந்த ஈதரில்தான் வேலை செய்யும். போரோஹைட்ரைடுக்கு மெத்தனால் போதும், தண்ணீரானாலும் பரவாயில்லை. புதிதாக வந்த மாணவனிடம் அதைத் தைரியமாகக் கொடுக்கலாம். மற்றதைக் கொடுக்க எந்த ஆசிரியரும் இரண்டு முறை யோசிப்பார்.