நஷ்டஈட்டு முட்டை

மானூரிலிருந்து டவுன் பஸ்ஸில் அத்தை வந்து இறங்கியபோது கையில் ஓலைப்பெட்டி. உள்ளே மூன்று வெடைக்கோழியும் ஒரு சேவலும். பெண்களுக்கு டிக்கெட் கிடையாதே, கோழி மூன்றும் பெண்தானே என்று வாதாடிப் பார்த்திருக்கிறார். கண்டக்டர் சேவலைக் காட்டி லக்கேஜ் போட்டுவிட்டார்.

"இனிமே முட்டைய கடையில வாங்காதீங்க, மாப்ள" என்றார் அத்தை. வாங்கவில்லைதான். சாப்பிடவும் இல்லை.

நாமக்கல் பண்ணைக் கோழி வருஷத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடும். நாட்டுக்கோழி அப்படி யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. பத்துப் பன்னிரண்டு இடும். பிறகு அடைக்கு உட்கார்ந்துவிடும். எழுப்பப் போனால் உடம்பைச் சிலுப்பிக்கொண்டு கொத்த வரும். வருஷத்துக்கு 60, 70 தேறினால் பெரிது. அந்தச் சொற்பமும் பாளையங்கோட்டையில் எங்கள் தெரு முழுக்க நஷ்டஈடாகப் போய்க்கொண்டிருந்தது.

பின்வீட்டு அக்காவின் வெந்தயக்கீரைப் பாத்தியைக் கோழிகள் ஒரே காலையில் கிளறி மைதானமாக்கின: ஆறு முட்டை. எதிர்வீட்டுக் கோலத்தில் அரிசிமாவு. கோழிக்கு அது இலை போட்ட விருந்து: இரண்டு முட்டை. கேஸ் கொண்டுவந்த பையன் வாசலில் எச்சத்தில் வழுக்கினான்: நான்கு.

பெரிய பாக்கி பக்கத்து வீட்டு ரிட்டயர்டு கணக்கு வாத்தியாருக்கு. சேவல் விடியலைப் பார்த்துக் கூவுகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தார் சேவல்களை நாள் முழுக்க மங்கல் வெளிச்சத்திலேயே வைத்துப் பார்த்து, அவற்றின் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று 2013இல் எழுதினார்கள். எங்கள் சேவலின் கடிகாரத்துக்கு யாரோ சாவியை அதிகமாகத் திருகிவிட்டார்கள். இரவு 2.40. வாத்தியார் மறுநாள் சுவருக்கு மேல் தலை நீட்டி, "மூணு தடவ கூவுச்சு சார்" என்பார். தடவைக்கு ஒன்று வீதம் கொடுத்துவிடுவேன்.

நல்லதே இல்லையா என்றால், உண்டு. கிணற்றடியில் பூரானைக் கண்டு மாதங்களாகின்றன. ஒருநாள் பஞ்சாரத்தைத் தூக்கிக் கையை விட்டேன். அப்போதுதான் இட்ட முட்டை. உள்ளங்கையில் சூடு, மேலே லேசான ஈரம். காற்றுப் பட்டதும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உலர்ந்தது. அதையும் நஷ்டஈட்டுக் கணக்கில் எழுத மனம் வராமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உலாத்தினேன். ஆபீஸில் ஷூவைக் கழற்றக் குனிந்தபோதுதான் அது ஞாபகம் வந்தது.

கறுப்புக் கோழி மட்டும் ஆரம்பத்திலிருந்தே முட்டையிடவில்லை. தினமும் கொக்கரிக்கும், கூடை காலி. வெள்ளைக்கழிச்சலுக்கு ஊசி போட்ட கால்நடை டாக்டரிடம் கேட்டேன். "ஆரோக்கியமா இருக்கே" என்றார். நொய்யும் கம்பும் தின்றுவிட்டு வெறும் அறிவிப்பு மட்டும் செய்கிற கோழி என்று முடிவுகட்டினோம்.

வாத்தியார் தம்பதி மகள் பிரசவத்துக்கு பெங்களூர் போனார்கள். சில வாரத்தில் கறுப்புக் கோழியைக் காணவில்லை. கீரி கொண்டுபோய்விட்டது என்றார் அத்தை. வாத்தியார் திரும்பி வந்த அன்று சுவருக்கு மேல் தலை தெரிந்தது. "எங்க வீட்ல ரெண்டு பிரசவம் சார்!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். அவர்கள் பின்கட்டில் விறகு அடுக்குக்குப் பின்னால் ஒரு கூடையில் எங்கள் கோழி, இறக்கைக்கு அடியில் எட்டுக் குஞ்சுகள். 21 நாளும் அங்கேதான் தவம் கிடந்திருக்கிறது. எனக்குத் தொண்டை அடைத்தது.

அத்தை கூடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூங்கில் கூடை. அடியில் தேங்காய்நார், ஒரே சீராகப் பிரித்து, வட்டமாக, மெத்தைபோலப் பரப்பியிருந்தது. கோழி நார் பிரிக்காது. உடைந்த ஓடுகளுக்கு நடுவே கையை விட்டு அத்தை ஒன்றை எடுத்தார். வெள்ளை பிளாஸ்டிக் பந்து. கூட்டில் ஒரு முட்டையாவது கண்ணில் பட்டால் கோழி அங்கேயே வந்து இடும். மற்றதை எடுத்துக்கொண்டே இருக்கலாம்.

"மாப்ள, இது யாரு இட்டது?"

நான் வாத்தியாரைப் பார்த்தேன். வாத்தியார் சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற சேவலைப் பார்த்தார்.

"ரெண்டு மாச பாக்கி இருக்கு சார்" என்றார்.